கோச்சை யார் பார்ப்பது? பகுதிக் கால்பந்துக் கிளப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதிமூன்று வயதுக்குட்பட்டோர் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரையில் ஒரு பள்ளி மைதானம். எங்கள் கோலுக்குப் பக்கத்தில் எங்கள் பையன் காலில் பந்து. எதிரணிப் பையன் ஒருவன் பாய்ந்து வருகிறான். கோட்டுக்கு வெளியே நின்ற ஒரு கோச், "அடிச்சு வெளிய தள்ளுடா!" என்று கத்தினார். பத்தடி தள்ளி நின்ற இன்னொரு கோச், "அடிக்காத, கீப்பருக்குக் குடு!" என்று கத்தினார். இரண்டு பேருமே எங்கள் கிளப்தான். பையன் காலை ஓங்கினான், நிறுத்தினான், எங்களை மாறி மாறிப் பார்த்தான். அதற்குள் பந்து பறிபோய் கோல் விழுந்தது. திட்டு வாங்கியது பையன். அந்த இரண்டாவது கோச் நான்.

அந்த வாரமே டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். எப்படி ஆட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் முன், எப்படிச் சொல்லித் தருவது என்று எங்களுக்குள்ளேயே முடிவாகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து நாங்கள் செய்தது, செய்து சொதப்பியது, பிறகு திருத்தியது எல்லாம் கீழே. சொந்த மைதானம் இல்லாத, நாலைந்து பேர் சேர்ந்து நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பகுதிக் கிளப்புகளுக்காக எழுதுகிறேன். மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் அகாடமிகளுக்கு இதில் பாதி ஒத்துவராது.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

கொள்கைக்கு முன்னால் கணக்கு. எங்களுடையது இப்படி: வாரம் நான்கு நாள், காலை ஆறு முதல் ஏழேகால் வரை. மைதானத்தில் பாதி எங்களுக்கு, மறுபாதி கிரிக்கெட்காரர்களுக்கு. ஓரமாக வாக்கிங் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு மூலையில் எட்டுப் போட்டுப் பழகும் ஸ்கூட்டிகள். பந்து பதினான்கு, அதில் காற்று நிற்பவை பதினொன்று. கோச் ஐந்து பேர்: ஓய்வுபெற்ற பி.இ.டி. (உடற்பயிற்சி) ஆசிரியர் ஒருவர், செல்போன் கடையில் வேலை பார்ப்பவர், இரண்டு கல்லூரி மாணவர்கள், நான். சம்பளம் யாருக்கும் கிடையாது. பெட்ரோல் காசு உண்டு.

அப்புறம் வருஷத்தை எழுதுங்கள். மார்ச்சில் பரீட்சை. ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்கே தரை சுடும். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையில் பாதி நாள் சேறு. சித்திரைத் திருவிழா வாரத்தில் யாரும் வரமாட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பிடிவாதமாகப் பயிற்சி வைத்தேன் ஒரு வருஷம். வந்தது நானும் மைதானத்து நாயும்தான். இதெல்லாம் கழித்தால் எங்களுக்கு 35 வாரம் தேறினால் அதிகம். வெளிநாட்டுக் கிளப்பின் 48 வாரத் திட்டத்தை இறக்கி அப்படியே ஓட்ட முடியாது என்பது இந்தக் கணக்கைப் போட்டதும் தெரிந்துவிடும்.

படி 2: ஒரே ஒரு பக்கத்தில் கொள்கை

முதலில் நாங்கள் எழுதிய தாளில் "ஒழுக்கம், கடின உழைப்பு, குழு உணர்வு" என்று இருந்தது. பார்க்க அழகாக இருந்தது. பிரச்சினை என்னவென்றால், அதை மறுத்துப் பேச உலகத்தில் ஆளே கிடையாது. யாராலும் மறுக்க முடியாத வரி எந்தச் சண்டையையும் தீர்க்காது. கடைசிப் பத்து நிமிஷத்தில், ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது, பெஞ்சில் இருக்கும் மெதுவான பையனை இறக்குவதா வேண்டாமா என்பதற்கு "குழு உணர்வு" பதில் சொல்லுமா?

ஆகவே சண்டைகளிலிருந்து தொடங்குங்கள். கடந்த ஒரு வருஷத்தில் கோச்களுக்கு நடுவிலும், பெற்றோருடனும் வந்த தகராறுகளைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரித் தீர்ப்பு எழுதுங்கள். அந்தத் தீர்ப்புகள்தான் உங்கள் கொள்கை. எங்கள் தாளில் இருப்பவை சில:

- 12 வயது வரை, ஆட்டத்துக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி நேரம் ஆடும். பைனலானாலும் சரி.
- 12 வயது வரை யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. கோல் கீப்பர் உட்பட.
- பின்னாலிருந்து பாஸ் செய்து வருவோம். அதில் கோல் வாங்கினால் அது கோச்சின் கணக்கு, பையனின் கணக்கு அல்ல.
- வயதைக் குறைத்துக் காட்டி யாரையும் ஆடவைக்க மாட்டோம்.
- ஓடவிடுவதும் தோப்புக்கரணமும் தண்டனையாகக் கிடையாது.
- மார்க் குறைந்ததற்காக வீட்டில் நிறுத்தினால், கோச் நேரில் போய்ப் பேசுவார். வாரம் இரண்டு நாளாவது கேட்டு வாங்குவார்.

நான்காவது வரி எழுதச் சுலபம், காப்பாற்றக் கஷ்டம். எதிரணியில் மீசை முளைத்த "பதிமூன்று வயது" பையன் நிற்கும்போது நம் பையன்களின் முகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் வயதை மாற்றி ஜெயித்த பையனுக்கு நாளைக்கு மேல்மட்டத் தேர்வில் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்ப்பார்கள். அங்கே அவன் தனியாக நிற்பான், கோச் கூட இருக்கமாட்டார்.

மூன்றாவது வரிதான் எங்களுக்குள் நீண்ட விவாதம். பி.இ.டி. சார் பழைய ஆட்டக்காரர். "எங்க காலத்துல ஸ்டாப்பர் ஒரு தட்டு தட்டுனா பந்து அந்தக் கோலுக்குப் போயிரும் தம்பி" என்பார். ஸ்டாப்பர் என்றால் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மேடும் பள்ளமுமான தரையில் பந்து எப்போது துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆட்டத்தின் விதிகளே மாறிவிட்டன. சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது என்று 1992-ல் வந்தது. கோல் பக்கத்திலிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கோல் கிக்கை, கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்குள்ளேயே சக ஆட்டக்காரர் வாங்கலாம் என்று 2019-ல் வந்தது. காலால் ஆடத் தெரியாத கீப்பரும் ஸ்டாப்பரும் இனி மேலே போக முடியாது. கடைசியில் ஒரு சமரசம்: மழை பெய்த தரையில் மட்டும் அடித்து வெளியேற்றலாம், அதையும் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தாளில் அதுவும் இருக்கிறது.

எழுதி முடித்ததும் கோச்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். பெற்றோர் கூட்டத்தில் வாசித்தோம். வாட்ஸாப் குழுவில் போட்டால் போதாது. குட்மார்னிங் படங்களுக்குக் கீழே அது புதைந்துவிடும்.

படி 3: வயதுக்கேற்ற பந்து, ஆள், கோல்

இதில் கருத்து வேறுபாட்டுக்கு அதிகம் இடமில்லை. எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் அளவுப் பந்து, எட்டு முதல் பன்னிரண்டு வரை 4-ஆம் அளவு, அதற்கு மேல் 5. இங்கே பெரும்பாலும் எல்லா வயதுக்கும் 5-ஆம் அளவுதான், அதுவும் தைத்த இடம் விட்டுப்போன பந்து. ஏழு வயதுக் குழந்தை அதைத் தட்டும்போது கல்லை உதைத்த மாதிரிதான் இருக்கும்.

ஆள் எண்ணிக்கையும் அப்படியே. இங்கிலாந்தில் பல வருஷமாக ஏழு, எட்டு வயதுக்குட்பட்டோர் ஐவராகவும், ஒன்பது பத்துக்குட்பட்டோர் எழுவராகவும், பதினொன்று பன்னிரண்டுக்குட்பட்டோர் ஒன்பது பேராகவும் ஆடி, பிறகுதான் பதினொருவர் ஆட்டத்துக்கு வந்தார்கள். ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இருவர் அல்லது மூவர் ஆட்டத்தையே விதியாக்கிவிட்டார்கள். ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மன் பயிற்சியாளர் பரப்பிய 'ஃபுனினோ' என்ற ஆட்டத்தின் வழி வந்தது அது: மூன்றுக்கு மூன்று, பக்கத்துக்கு இரண்டாக நான்கு சின்னக் கோல், கீப்பர் கிடையாது. ஒரு கோல் அடைபட்டிருந்தால் பிள்ளை தலையைத் தூக்கி மறு கோலைப் பார்த்தாக வேண்டும். "தலையத் தூக்கிப் பாருடா" என்று நாம் நூறு முறை கத்துவதை அந்த நான்கு கோல் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. எங்களுக்கு இதற்கான செலவு எட்டு கோன் (பிளாஸ்டிக் கூம்பு). கோன் இல்லாத நாளில் செருப்பு.

முழு அளவுக் கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நாலரை அடிப் பையனை அதில் நிறுத்தினால் தலைக்கு மேல் போடுகிற பந்தெல்லாம் கோல். எதிரணி கற்றுக்கொள்வதும் அந்த ஒன்றைத்தான். பன்னிரண்டடிக்கு ஆறடி போதும். பெயின்ட் அடித்த மூங்கில் கழி இரண்டு, மேலே ஒரு கயிறு.

தலையால் அடிப்பது: அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் பத்து வயதுக்குட்பட்டோருக்கு 2015-லேயே தடை விதித்தது. நாங்களும் பன்னிரண்டு வரை பயிற்சியில் வைப்பதில்லை.

பிறந்த மாதம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடினாலும், பத்து வயதில் அந்தப் பதினொரு மாதம் பெரிய வித்தியாசம். கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்று 1985-ல் ஓர் ஆய்வு காட்டியது. பிறகு கால்பந்திலும் அதையே பல நாடுகளில் கண்டார்கள். திறமை என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வெறும் வளர்ச்சி. நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடும் பழக்கம் முன்பு இருந்தது. இப்போது பிறப்புச் சான்றிதழ் வந்து நிலைமை மாறிவிட்டது என்றாலும், தாளைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். நாங்கள் தேர்வு வைக்கும்போது முதல் ஆறு மாதக்காரர்கள், அடுத்த ஆறு மாதக்காரர்கள் என்று சட்டைக்கு மேல் போட இரண்டு நிற பிப் கொடுக்கிறோம். முதல் தடவை செய்தபோது நான் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஒரே நிறம். பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

படி 4: ஒரு நாள் பயிற்சி

எங்கள் எழுபத்தைந்து நிமிஷம் இப்படிப் போகும். முதல் பதினைந்து நிமிஷம் வந்தவுடனேயே சின்ன ஆட்டம், இரண்டுக்கு இரண்டோ மூன்றுக்கு மூன்றோ. தாமதமாக வருகிறவன் வந்து சேர்ந்துகொள்வான். யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டாம். அடுத்து வார்ம் அப். பதினான்கு வயதுக்கு மேல் 'ஃபிஃபா 11 பிளஸ்' செய்கிறோம்: பதினைந்து பயிற்சி, இருபது நிமிஷம், பந்தைத் தவிர பெரிய சாதனம் எதுவும் வேண்டாம். நார்வேயில் பதின்ம வயதுப் பெண்களின் அணிகளில் செய்து பார்த்து 2008-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்தவர்களிடம் கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. கட்டாந்தரையில், பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடும் நமக்கு முழங்காலும் கணுக்காலும்தான் சொத்து. இதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அன்றைய பாடம், கடைசியில் மறுபடி ஆட்டம். பாடத்தையும் ஆட்டமாகவே வைக்கப் பாருங்கள். வரிசையில் பன்னிரண்டு பேர் நின்று, ஒவ்வொருவராகக் கோனைச் சுற்றி வந்து ஷாட் அடிக்கும் பயிற்சியை ஒருநாள் கடிகாரத்தோடு பார்த்தேன். பத்து நிமிஷத்தில் ஒரு பையன் பந்தைத் தொட்டது நான்கு தடவை. மீதி நேரம் முன்னால் நிற்பவன் காலில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். அதே பன்னிரண்டு பேரை மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு சின்ன மைதானத்தில் விட்டோம். எண்ணி முடியவில்லை.

ஆட்டத்திலிருந்து நுட்பத்துக்குப் போவது என்ற இந்த யோசனை நம் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தின் லஃபரோவில் டேவிட் பங்கரும் ராட் தோர்ப்பும் 1982-ல் எழுதியது. 1986-ல் கார்ல் நியூவெல் சொன்ன இன்னொன்றும் கோச்சுக்குப் பயன்படும்: ஒருவரின் அசைவை அவர் உடல், சுற்றியுள்ள சூழல், கொடுத்த வேலை மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உடலையும் சூழலையும் நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. வேலையை மாற்றலாம். அதாவது விதியை மாற்றலாம்.

பின்னாலிருந்து பாஸ் செய்வதையே எடுத்துக்கொள்வோம். வகுப்பு எடுக்க வேண்டாம். ஐந்துக்கு ஐந்து, பந்து எப்போதும் கீப்பரிடமிருந்து தொடங்கும். எதிரணி நடுக்கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முதல் பாஸ் தொட்டதும் பாயலாம். கீப்பரிலிருந்து தொடங்கி அடித்த கோலுக்கு மூன்று புள்ளி, மற்ற கோலுக்கு ஒன்று. பத்து நிமிஷத்தில் பிள்ளைகளே அகலமாகப் பிரிந்து நிற்கத் தொடங்குவார்கள். பிறகு எதிரணியைப் பத்தடி முன்னால் விடுங்கள். கஷ்டமாகும். திணறட்டும். உடனே விசில் ஊதாதீர்கள். ஐந்து நிமிஷம் கழித்து நிறுத்தி ஒரே ஒரு கேள்வி: "யாரு ஃப்ரீயா இருந்தா?"

தண்ணீர் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும். தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்வார்கள். மதுரை வெயிலில் அதை நம்பியது எப்படி என்று இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது.

படி 5: கோச்சை உருவாக்குவது

பெரும்பாலான கிளப்புகள் இதை லைசென்ஸோடு முடித்துக்கொள்கின்றன. லைசென்ஸ் வேண்டும், மறுக்கவில்லை. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் வரிசையில் தொடக்கநிலைக்கு ஈ சான்றிதழ், அடுத்து டி லைசென்ஸ். அங்கிருந்து ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ. கல்லூரிப் பையனுக்கு டி போதும். ஒருநாள் பயிற்சியைத் திட்டமிட அதில் கற்றுத்தருவார்கள். முழுநேர வேலையாக்க நினைப்பவருக்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இன்னொரு வழி. கட்டணத்தில் பாதியைக் கிளப் தரட்டும். "படிச்சுட்டு ரெண்டு வருஷம் இங்கதான் இருக்கணும்" என்று எழுதி வாங்காதீர்கள். பிடித்து வைத்த கோச்சால் பிள்ளைகளுக்குப் பிரயோஜனம் இல்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும் என்று தெரிந்தால், போகிறவரோடு இரண்டு வாரம் முன்பே உட்கார்ந்து சொற்களைப் பழக்குங்கள். நல்ல கோச் ஒருவர் அங்கே வாய் திறக்கக் கூச்சப்பட்டு வருவதைவிட வருத்தம் வேறில்லை.

ஆனால் வகுப்பு சில நாளில் முடிந்துவிடும். அப்புறம் வருஷம் முழுக்க அவர் செய்வதை யார் பார்க்கிறார்கள்? பையனை கோச் பார்க்கிறார், திருத்துகிறார். கோச்சை யாருமே பார்ப்பதில்லை. இருபது வருஷ அனுபவம் என்கிறோம். பாதிப் பேருக்கு அது ஒரு வருஷ அனுபவத்தை இருபது தடவை செய்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வழி எளிது. மாதம் ஒருமுறை, ஒவ்வொரு கோச்சின் ஒரு பயிற்சியை இன்னொரு கோச் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார். கையில் நாற்பது பக்க நோட்டு. கருத்து எழுதக்கூடாது, கோடு மட்டும் போட வேண்டும். எத்தனை தடவை ஆட்டத்தை நிறுத்தினார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை தடவை பந்து வைத்திருக்கும் பையனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கத்தினார், எத்தனை பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கடைசிவரை எந்தப் பிள்ளையின் பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

கோடு போடும் யோசனை ஒரு பழைய ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 12 ஆண்டுகளில் 10 பட்டம் வென்ற ஜான் வுடனின் பயிற்சிகளை 1974-75 பருவத்தில் இரண்டு உளவியலாளர்கள், ரொனால்ட் கல்லிமோரும் ரோலண்ட் தார்ப்பும், உட்கார்ந்து எண்ணினார்கள். குறித்தவை 2,326. அதில் முக்கால் பங்கு எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவல். பாராட்டு சுமார் ஏழு சதவீதம், அதிருப்தியும் அதே அளவுதான். பேசியவை எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். படித்ததும் என் பயிற்சியை போனில் பதிவு செய்து கேட்டேன். "டேய்", "ஏண்டா", "சொன்னேன்ல", "அப்படித்தான்டா". முக்கால் மணி நேரம் இதுதான். ஒரு பையன் அதைக் கேட்டு என்ன கற்றிருப்பான் என்று எனக்கே விளங்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன், கேட்கக் கூச்சமாக இருந்தது.

நோட்டைக் காட்டிப் பேசுவதில் ஒரு முறை உண்டு. பயிற்சி முடிந்த உடனே, பிள்ளைகள் முன்னால் வேண்டாம். டீக்கடையில், இரண்டு பேர் மட்டும். எங்கள் கல்லூரிப் பையனிடம் முதன்முதலில் பேசியது நினைவிருக்கிறது.

"தம்பி, இன்னைக்கு ஆட்டத்த எத்தன தடவ நிறுத்துன?"

"ஒரு அஞ்சாறு இருக்கும்ண்ணே."

"பதினேழு."

"சும்மா சொல்லாதீங்கண்ணே."

நோட்டை நீட்டினேன். எண்ணிப் பார்த்தான். "இதுல பிள்ளைகளுக்கு வேணும்னு நிறுத்துனது எது, உனக்குப் பொறுக்காம நிறுத்துனது எது, நீயே பிரி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து நான்கை வட்டம் போட்டான். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் ஒன்பது. அதற்கடுத்த மாதம் பரீட்சை, ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது ஆறு.

பெரியவர்களிடம் இது சுலபமாக நடக்காது. பி.இ.டி. சாரைப் போய் நான் கோடு போட்டுப் பார்ப்பதா? அவரிடம் படித்தவர்கள் ஊரில் போலீஸாகவும் வாத்தியாராகவும் இருக்கிறார்கள். நான் செய்தது இது: முதல் மூன்று மாதம் நோட்டை அவர் கையில் கொடுத்து என்னைப் பார்க்கச் சொன்னேன். "சார், நான் எங்க தப்புப் பண்றேன்னு பாருங்க." நான்காவது மாதம் அவரே, "நாளைக்கு நீ என்னயப் பாருப்பா" என்றார். கிளப்பை நடத்துபவர் முதலில் தன்னைப் பார்க்க விடாவிட்டால் இந்த ஏற்பாடு இரண்டு மாதம் தாங்காது.

புதிதாக வரும் கோச்சுக்கு உடனே ஒரு அணியைக் கொடுக்காதீர்கள். முதல் மாதம் பார்க்கட்டும், கோன் வைக்கட்டும், பிள்ளைகளின் பெயரைப் படிக்கட்டும். இரண்டாவது மாதம் வார்ம் அப் மட்டும். மூன்றாவது மாதம் வாரம் ஒரு பாடம், கூடவே ஒருவர். பொதுவாக நல்ல ஆட்டக்காரனைத்தான் கோச்சாக்குகிறோம். என் அனுபவத்தில், பெஞ்சில் அதிகம் உட்கார்ந்தவன் நல்ல கோச்சாக வர வாய்ப்பு அதிகம். அவன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறான், உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் கோச்களை வைத்து 1992-ல் வெளியான ஆய்வு: பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, எதை ஊக்குவிப்பது என்று சின்னப் பயிற்சி பெற்ற கோச்களிடம் ஆடியவர்களில் அடுத்த வருஷம் வராமல் போனவர்கள் 5 சதவீதம். பயிற்சி பெறாத கோச்களிடம் 26 சதவீதம்.

படி 6: ஆட்ட நாள்

ஒரே ஒருவர் பேச வேண்டும். மற்ற கோச்கள் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். பந்து வைத்திருப்பவனிடம் எதுவும் சொல்லக்கூடாது. பந்து வெளியே போனதும் சொல்லலாம். இடைவேளையில் மூன்று நிமிஷம் பிள்ளைகள் பேசட்டும், பிறகு கோச் இரண்டு விஷயம் சொல்லட்டும். ஆட்டம் முடிந்ததும் தோற்ற காரணத்தை அலசாதீர்கள். தண்ணீர், பொங்கலோ இட்லியோ, வீடு.

பெற்றோர்களைக் கோட்டிலிருந்து தள்ளி, நிழலில் உட்கார வையுங்கள். நிழல் இருந்தால் அவர்களே போய்விடுவார்கள், சொல்லக்கூட வேண்டாம்.

படி 7: பெண் பிள்ளைகள்

இந்திய மகளிர் லீக்கை 2018-19 பருவத்தில் வென்றது சேது எஃப்சி, நம் மதுரைக் கிளப். இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தினார்கள். மணிப்பூரைப் பெண்கள் கால்பந்தில் வீழ்த்துவது லேசுப்பட்ட காரியமில்லை. அப்படிப்பட்ட ஊரில், பெரும்பாலான பகுதிக் கிளப்புகளில் பெண் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. எங்களிடமும் ரொம்ப நாள் இல்லை. "யாரும் வர்றதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வராததற்குக் காரணம் ஆர்வம் இல்லாதது அல்ல. கழிப்பறை இல்லை. உடை மாற்ற இடமில்லை. தனியாக ஒரு பெண் பிள்ளை முப்பது பையன்களுக்கு நடுவே நிற்க யார் விடுவார்கள்? பள்ளியிடம் பேசிக் காலையில் ஒரு கழிப்பறையைத் திறக்கச் சொன்னோம். முன்பு கல்லூரி அணிக்கு ஆடிய ஒரு அக்காவைக் கேட்டு வாரம் இரண்டு நாள் வரவழைத்தோம். அறிவிப்பில் "ஆறு பேர் சேர்ந்தால் தொடங்குவோம்" என்று போட்டோம், ஒவ்வொருவராகச் சேர்க்கவில்லை. பதினொரு பேர் வந்தார்கள்.

படி 8: பாதுகாப்பு, இதில் விட்டுக்கொடுப்பது கிடையாது

எந்தக் கோச்சும் எந்தப் பிள்ளையோடும் தனியாக, மூடிய இடத்தில் இருக்கக்கூடாது. வெளியூர் ஆட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள்; பெண் பிள்ளைகள் இருந்தால் ஒருவர் பெண். பிள்ளைகளுக்குத் தனி மெசேஜ் கிடையாது, பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். 2012-இன் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்வது கடமை, மறைப்பது குற்றம். "பேர் கெட்டுரும், நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொல்லும் ஆள் கிளப்பில் இருந்தால், அவரை அன்றே அனுப்புங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தலையில் அடிபட்டு மயங்கினாலோ, கிறுகிறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. "நான் ஓகே அண்ணே" என்பான், கேட்காதீர்கள். வெயிலில் ஒரு பிள்ளை தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசினால் நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். இடி கேட்டால் மைதானத்தைக் காலி செய்யுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் இறங்கக்கூடாது. மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல.

படி 9: வருஷத்துக்கு ஒருமுறை தாளை எடுத்துத் திருத்துங்கள்

மே மாத விடுமுறையில், ஒரு மாலை. கோச்கள், இரண்டு பெற்றோர், பெரிய பிள்ளைகளில் மூன்று பேர். ஒவ்வொரு வரியையும் வாசித்து, போன வருஷம் இதை எத்தனை தடவை மீறினோம் என்று கேட்க வேண்டும். மீறவே இல்லை என்றால் அந்த வரி அநேகமாகத் தேவையில்லாதது. அடிக்கடி மீறினால், வரி தவறா நாம் தவறா என்று பார்க்க வேண்டும்.

போன மே மாதம் பாதி நேர விதியைப் பற்றிப் பேசியபோது, ஒரு பதினைந்து வயதுப் பையன் எழுந்து, "எங்களுக்கு ஏன்ணே அது கிடையாது?" என்றான். பன்னிரண்டுக்கு மேல் அந்த விதி இல்லை என்று எழுதியது நாங்கள்தான். எங்களிடம் சரியான பதில் இல்லை. முக்கால் மணி நேர விவாதத்துக்குப் பிறகு, பதினாறு வயது வரை லீக் ஆட்டங்களில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இருபது நிமிஷம் என்று எழுதினோம். நாக்அவுட்டில் கோச்சின் முடிவு. பி.இ.டி. சார் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார். எந்தப் பையன் எத்தனை நிமிஷம் ஆடினான் என்று ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதி வைக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.